நாலு எழுத்தில் வந்து நின்ற ஆள்

1

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தளவாய்புரத்தில் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட குருசாமி இன்றைக்கு நைரோபியில் பேண்டேஜ் துணிக் கம்பெனி வைத்திருக்கிறான். ஷெட் சொந்தம். முப்பது பேர் வேலை பார்க்கிறார்கள். இந்த ஊரில் எவனாவது காலை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், அவன் காலைச் சுற்றும் துணி என் தறியில் ஓடியதாக இருக்கலாம். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதுவதுதான் மரியாதை. நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன். என்னை யாரும் தூக்கிவிடவில்லை. என்னை நானே செய்துகொண்டேன். போன வருஷம் வரை இதை மேடை கிடைத்த இடத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் வேலை அனுமதியைப் புதுப்பிக்கப் போனபோது ஒரு சங்கடம். இந்த நாட்டில் அந்த அலுவலகத்துக்குப் போகிறவன் மதியச் சாப்பாட்டைக் கையில் கட்டிக்கொண்டு போக வேண்டும். எனக்கு அது பழக்கம். ஆனால் அன்று அங்கிருந்த அம்மாள் என் பழைய பைலைப் பிரித்து வைத்துக்கொண்டு, நான் வந்த புதிதில் போட்ட கையெழுத்தையும் அன்று அவள் முன்னால் போட்ட கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பழையது எறும்பு ஊர்ந்த மாதிரி மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. புதியதோ கட்டத்தைத் தாண்டிக்கொண்டு, அடியில் இரண்டு கோடு இழுத்து, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"இது நீங்கள் போட்டதில்லை" என்றாள்.

அப்போது வேறு மாதிரி போடுவேன் என்று சொல்ல நினைத்தேன். எனக்குத் தெரிந்த சுவாஹிலியில் வாய் குழறி, "அப்போது வேறு ஆள்" என்று வந்துவிட்டது. அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு மேலதிகாரியைக் கூப்பிட்டாள். சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தேன். என் மனைவி முத்துலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. அதை அன்று நான் கவனிக்கவில்லை.

2

என் மகள் பொன்செல்வி இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். விடுதியில் தங்கல். சிநேகிதிகளோடு சுவாஹிலியில் சிரிப்பாள், எங்களுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். தமிழை ரசத்துக்கும் மோருக்கும் மட்டும் வைத்திருந்தாள். சனிக்கிழமை தோறும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவள் அதையும் நிறுத்திவிட்டாள். விசாரித்தால், டிசோசா டீச்சர் வீட்டில் கூட்டம் என்றாள். டீச்சர் கோவாக்காரி, பள்ளிக்கூட வேலையில் ஓய்வு பெற்றவர். மனிதர்களின் குணத்தைப் பதினாறு வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் நாலு ஆங்கில எழுத்தைப் பெயராக வைத்திருக்கிறார்களாம். அந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் ஏழெட்டுப் பேர் அவர் வீட்டு ஹாலில் கூடி, இவன் எந்த வகை, அவள் எந்த வகை என்று பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு பேசுவார்களாம்.

மகளைப் பார்க்கலாமே என்றுதான் நானும் போனேன். போன முதல் நாளே கேள்வித்தாளைக் கையில் கொடுத்துவிட்டார்கள். எனக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. செல்வி வாசித்துத் தமிழில் சொன்னாள். அவள் என்னிடம் அவ்வளவு தமிழ் பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது.

"கூட்டத்துல தெரியாதவங்க இருந்தா நீங்களாப் போய்ப் பேசுவீங்களா, அவங்க வரட்டும்னு இருப்பீங்களா?"

"அவன் வரட்டும்னு உக்காந்திருந்தா இந்த ஊருல நான் சோறு திங்க முடியுமா?"

"அப்பா, ரெண்டுல ஒண்ணு சொல்லணும்."

"நானாப் போயிப் பேசுவேன்னு போடு. அடுத்ததக் கேளு."

எல்லாவற்றுக்கும் யோசிக்காமல் பதில் சொன்னேன். கடைசியில் நாலு எழுத்து வந்தது. முன்னால் நின்று நாலு பேரை நடத்துகிறவன், வாயால் மலையைக் கட்டி இழுக்கிறவன் என்று அந்த எழுத்துக்கு அர்த்தம் சொன்னார்கள். பாங்கியில் கிளார்க்காக இருக்கும் கமாவ் என்ற பையன் கை தட்டினான். "பெரியவரே, புத்தகம் உங்களைப் பார்த்து எழுதியிருக்கிறது" என்றான். மறுநாளே அந்த நாலு எழுத்தையும் ஷெட்டில் என் ஆபீஸ் கதவுக்கு மேலே சிவப்புப் பெயிண்டில் எழுதிவைத்தேன். பெயிண்டர் ஒரு எழுத்தைத் தலைகீழாக எழுதி, செல்வி வந்து திருத்தினாள்.

அதன் பிறகு நான் ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. ஆள் பார்ப்பதில் என்னை மிஞ்ச அங்கே யாருமில்லை. ஒரு மனிதன் எப்படிச் செருப்பைக் கழற்றுகிறான் என்று சொன்னால் போதும், வகையைச் சொல்லிவிடுவேன். இதெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று டீச்சர் கேட்டார்.

"இராஜபாளையத்துல. புத்தகம் இல்லாமலே" என்றேன்.

3

அது உண்மை. எண்பதுகளில் நான் இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி யூனிட்டில் தறி ஓட்டினேன். என் பக்கத்துத் தறி ரெங்கமன்னார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவான். நல்ல உயரம். நாற்பது தறி ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே காதில் விழாது. ரெங்கன் பேசினால் கடைசித் தறி வரை கேட்கும். ஷெட்டுக்குள் நுழையும்போதே, "ஒதுங்குங்கலே, ஒதுங்குங்க. தேரு வருது" என்பான். அவன் ஊர்த் தேரின் அளவுக்குத் தன்னை நினைத்துக்கொண்டிருந்தான். யாருக்கும் அதில் கோபம் வந்ததில்லை.

இழை அறுந்தால் ஒருவன் என்ன செய்கிறான் என்பதை வைத்து ரெங்கன் மனிதர்களை நாலாகப் பிரித்திருந்தான். சத்தமில்லாமல் தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டு ஓட்டுகிறவன் 'நிப்பாட்டி'. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறவன் 'ஓட்டி'. முடிச்சுப் போடுவதற்குள் ஊரைக் கூட்டுகிறவன் 'கூப்பாடு'. சூப்பர்வைசர் பார்த்தாரா என்று சுற்றிப் பார்க்கிறவன் 'திருட்டுமுழி'. உலகத்தில் ஐந்தாவது வகை கிடையாது என்பது அவன் கட்சி.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் டீக்கடையில் வேலை முடிந்து இதே பேச்சுத்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் கண்டக்டர் பிச்சை எங்களோடு சேர்ந்துகொள்வார். அவருக்கும் இந்த நோய் ஒட்டிக்கொண்டது.

"ரெங்கா, இன்னைக்கு ஒரு ஆளு. சில்லற இல்லன்னு சொன்னா, எறங்கும்போது வாங்கிக்கிடுதேங்கான். எறங்கும்போது மறந்துட்டுப் போறான். யாரு அவன்?"

"ஓட்டி."

"திரும்பி ஓடியாந்து பஸ்ஸத் தட்டுதான்லா?"

"தட்டும்போது சத்தம் போட்டானா?"

"ஊரே திரும்பிப் பாத்திச்சி."

"அப்பம் கூப்பாடு. என்னய மாதிரி ஆளு. நாளைக்குப் பாத்தா நான் கேட்டேன்னு சொல்லும்."

நான் இதில் ஒரு வார்த்தை பேசமாட்டேன். டீ ஆறும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன். எங்கள் யூனிட்டில் தறிக்கு ஊடைநூல் தார் சுற்றிக்கொண்டிருந்த முத்துலட்சுமியிடம் எனக்காகப் பேசியதும் ரெங்கன்தான். "ஏட்டி முத்து, குருசாமி நிப்பாட்டி. அவனக் கட்டுனா வீட்டுக்குள்ள சத்தமே இருக்காது. என்னயக் கட்டுறவதான் பாவம்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். அவள் தாரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தத் தையில் எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று.

மறு வருஷம் மதுரையிலிருந்து ஏஜெண்ட் வந்தார். ஆப்பிரிக்காவில் தறி ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும். என்னைக் கேட்ட கேள்விக்கும் ரெங்கனே பதில் சொன்னான். "இவனும் நானும் ஜோடித் தறி சார். பிரிச்சா ரெண்டும் ஓடாது." இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டார். பிளேனில் போகிறவன் எப்படிப் போக வேண்டும் என்று ரெங்கனுக்கு ஒரு கணக்கு இருந்தது. சந்தனக் கலரில் சஃபாரி சூட் தைக்கக் கொடுத்தான்.

தையற்காரர் சூட்டைக் கொடுத்த வாரம் அவனுக்குக் காமாலை. கீழாநெல்லி கொடுத்தார்கள், மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த மாதம் முடியவில்லை. போய்விட்டான்.

காரியம் முடிந்த அன்று அவன் அம்மா கோதையம்மாள் சூட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அவர்கள் வீட்டுக்குள் தெலுங்குதான் பேசுவார்கள். என்னிடம் மட்டும் தமிழ். "அவன் போட்டுப் பாக்கலப்பா. தச்சதுதான். செத்தவன் துணின்னு நெனைக்காத. பிளேன் ஏறணும்னு தச்சது, அது ஏறட்டும்" என்றார்.

கால் சட்டையை உள்ளே மடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு வந்தேன். நைரோபியில் இறங்கிய மறுநாள், நாலைந்து ஊர்களிலிருந்து வந்த ஆட்கள் ஷெட் வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறோம். இதில் யார் தலைவன் என்று மானேஜர் கேட்டான். "நான்தான். இவிய எல்லாம் எங்கூட வந்தவிய" என்று ஒரு சத்தம் கேட்டது. என் சத்தம்தான். அன்றைக்கு ஏறியவன் இறங்கவே இல்லை. எனக்குத் துணிச்சல் வந்த நாள் அது என்று இத்தனை காலம் சொல்லிவந்தேன்.

4

டீச்சர் வீட்டுக் கூட்டத்தில் ஒரு விதி உண்டு. ஒருவன் தன்னைப் பற்றிச் சொன்னது சரிதானா என்று பார்க்க, அதே கேள்விகளுக்கு அவன் மனைவியோ புருஷனோ தனியாகப் பதில் சொல்ல வேண்டும். என் முறை வந்தது. முத்துலட்சுமி கூட்டம் என்றால் வரமாட்டாள். செல்வி கெஞ்சிக் கூட்டிவந்தாள். உள்ளறையில் செல்வி கேட்க அவள் பதில் சொன்னாள். நான் ஹாலில் கமாவுக்கு ஆள் பார்க்கும் வித்தையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செல்வி தாளோடு வந்தாள். நாலு எழுத்தில் மூன்று வேறு. கூட்டத்தை விட்டு ஒதுங்குகிறவன், பேசுமுன் பத்துத் தடவை யோசிக்கிறவன், பூட்டிய கதவைத் திரும்ப இழுத்துப் பார்க்கிறவன் என்று வந்திருந்தது.

கமாவ் சிரித்தான். நானும் சிரித்தேன். "எம் பொண்டாட்டிக்குக் கேள்வி வெளங்கல. தாரு சுத்துனவ, அவளுக்கென்ன தெரியும்."

முத்துலட்சுமி உள்ளேயிருந்து வந்து நின்றாள்.

"அம்மா, நீங்க அப்பாவச் சொல்லலை. வேற யாரையோ சொல்லியிருக்கீங்க" என்றாள் செல்வி.

"நான் கட்டுன ஆளச் சொன்னேன். நீ யாரக் கேட்ட?"

"அப்பாவை."

"இவியளையா? இவிய பேசுறது அம்புட்டும் ரெங்கண்ணன் பேச்சுல்லா. கைய வீசுறது, கதவத் தட்டாம நுழையிறது, ஒதுங்குங்கலேன்னு சத்தம் போடுறது, எல்லாம் அண்ணன்தான். ரெண்டு வருசம் கழிச்சு என்னய ஏர்ப்போர்ட்டுல கூப்பிட வந்தது யாருன்னு நெனைக்க? அந்தச் சந்தனக் கலர் சூட்டுல, 'ஏட்டி முத்து'ன்னு சத்தம் வருது. செத்தவிய வந்து நிக்காவளேன்னு பெட்டியப் பிடிச்சிக்கிட்டு அப்படியே நின்னுட்டேன். பக்கத்துல வந்த பொறவுதான் மொகம் இவிய மொகம்."

"ஏன் இத்தனை வருஷம் சொல்லலை?"

"என்னன்னு சொல்ல? சம்பாதிக்காவ, நாலு பேரு மதிக்காவ. ரெங்கண்ணனும் எனக்கு வேத்தாளா?"

செல்வி என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "அப்போ அப்பா எங்கம்மா?"

"தூங்கும்போது இருக்காவ" என்றாள் முத்துலட்சுமி.

டீச்சர் என்ன என்று கேட்டார். செல்வி ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொன்னாள். யாரும் பிஸ்கட்டைத் தொடவில்லை. கமாவ்தான் கடைசியில் பேசினான். "எங்களிலே குழந்தைக்கு முன்னோர் பெயரை வைப்போம். அவரே திரும்பி வந்துவிட்டார் என்போம். உங்களிடம் பெயர் வைக்காமலே வந்திருக்கிறார், பெரியவரே." ஆறுதலுக்குத்தான் சொன்னான்.

5

அதன் பிறகு என் பேச்சை நானே ஒட்டுக் கேட்க ஆரம்பித்தேன். வாயைத் திறந்தால் அவன் வந்தான். கடன் கேட்டு வந்தவனை விரட்டுவதும் அவன், கல்யாண வீட்டில் பந்தியை நடத்துவதும் அவன். ஷெட்டில் என் ஆட்கள், கிக்குயூக்காரர்களும் லுவோக்காரர்களும், ஒருவரை ஒருவர் 'ஏலே' என்று கூப்பிடுவார்கள். என்னிடம் கற்றது என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். மதுரையைத் தாண்டிச் சென்னையைக்கூடப் பார்க்காத ஒருவன் நைரோபியில் முப்பது வாயில் பேசிக்கொண்டிருந்தான். கதவுக்கு மேலே சிவப்பு எழுத்து. தினமும் அதன் அடியில்தான் நுழைய வேண்டும்.

ஒருநாள் பிடிவாதமாகப் பேசாமல் இருந்து பார்த்தேன். மத்தியானத்துக்குள் ஃபோர்மேன் வந்து, டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டான். பேசாமல் இருப்பது எப்படி என்றே எனக்கு மறந்திருந்தது. ஒரு காலத்தில் அதைத் தவிர வேறொன்றும் தெரியாதவன் நான்.

ஒன்று மட்டும் நடந்தது. செல்வி சனிக்கிழமைகளில் மறுபடி வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவன் விழித்துப் பார்த்தால், கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. சும்மா பார்த்தேன். எழுந்திருக்காதீங்க."

6

இதற்கெல்லாம் மேலே என்னைப் போட்டு உலுக்கியது கோதையம்மாள் ஞாபகம். ஊருக்கு வருகிற ஒவ்வொரு தடவையும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் அவரைப் பார்க்காமல் நான் திரும்பியதில்லை. பெரிய தனவான் வந்திருக்கிற தோரணையில்தான் போவேன். அவர் என்னிடம் எதையும் வாங்கிக்கொள்ளமாட்டார். ஒன்றே ஒன்றுதான் கேட்பார்.

"வரும்போது தெருவுலயிருந்தே சத்தம் குடுத்துட்டு வாப்பா. எனக்குக் காது மந்தமாயிட்டு."

நான் தெரு முனையிலிருந்தே, "ஒதுங்குங்கலே, தேரு வருது" என்று விளையாட்டாகச் சத்தம் போட்டுக்கொண்டு போவேன். உள்ளே உட்கார்ந்ததும், "பேசுப்பா. ஆப்பிரிக்காவுல என்ன நடக்குன்னு சொல்லு" என்பார். நான் அளந்துவிடுவேன். கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணை மூடிக்கொள்வார். வயசாகிவிட்டது, அசதி என்று நினைத்து நான் நிறுத்தினால் கண்ணைத் திறக்காமலே, "நிறுத்தாதப்பா" என்பார். பின்கட்டில் பால்கோவாவுக்குப் பால் கொதித்துப் பொங்குவதை எங்கள் எல்லோருக்கும் முந்திக் கேட்டு, "அடுப்பப் பாரு" என்று குரல் கொடுக்கிற மனுஷி. அவருக்கு எங்கே காது மந்தம்? இத்தனை வருஷம் எனக்கு இது தோன்றவில்லை. நைரோபியில், அன்று டீச்சர் வீட்டிலிருந்து திரும்பி வருகிற காரில் தோன்றியது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். முத்துலட்சுமி ஏன் என்று கேட்கவில்லை.

7

இந்தத் தடவை ஊருக்கு வந்தபோது ஒரு முடிவோடு வந்தேன். அந்த அம்மாவின் முன்னால் குருசாமியாகப் போய் உட்கார வேண்டும். வேஷம் போட்டு ஏமாற்றியதாக அவர் நினைத்துவிடக் கூடாது. முத்துலட்சுமியும் கூட வந்தாள். இராஜபாளையத்தில் பஸ் ஏறினோம். பிச்சை அண்ணாச்சி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். புது கண்டக்டர் சில்லறை கேட்டான். நான் எண்ணிக் கொடுத்தேன். பேசவில்லை.

தெருவில் சத்தம் கொடுக்கவில்லை. அந்த வீட்டு வாசல் நிலை தாழ்வானது. ரெங்கன் தினமும் குனிந்துதான் நுழைவான். எனக்குக் குனிய வேண்டிய தேவை கிடையாது. நிமிர்ந்தே உள்ளே போனேன். கோதையம்மாள் சுவரோரம் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். மெலிந்துபோயிருந்தார்.

"வந்திருக்கோம்மா" என்றேன். என் பழைய குரல். தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காத குரல். அது இன்னும் இருந்தது எனக்கே ஆச்சரியம்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "குருசாமியா? வாப்பா. முத்து, வாம்மா." எங்களை உட்காரச் சொன்னார். பிள்ளையை விசாரித்தார். நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தை. அவர் கண்ணை மூடவே இல்லை. முத்துலட்சுமி என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவள் கட்டிய ஆள் அத்தனை வருஷம் கழித்து, விழித்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

கோதையம்மாள் முறத்தை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் கேட்டார்.

"இன்னைக்கு அவன் வரலையாப்பா?"

முத்துலட்சுமி என் முழங்கையைத் தொட்டாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"போங்க. போயித் தெருவுலயிருந்து கூப்பிடுங்க."

"முத்து..."

"நான் எங்க போறேன்? இங்கனதான் இருப்பேன். நீங்க போயி அவியளக் கூட்டியாங்க."

எழுந்து வெளியே வந்தேன். நல்ல வெயில். பால் கொதிக்கிற வாசனை. தெரு முனை வரை நடந்துபோய்த் திரும்பி நின்றேன். பத்துத் தடவை யோசித்தேன். பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "ஒதுங்குங்கலே, ஒதுங்குங்க. தேரு வருது" என்றேன். சைக்கிளில் போனவன் உண்மையிலேயே ஒதுங்கினான்.

உள்ளேயிருந்து பதில் வந்தது. எனக்குச் சொல்கிற 'வாப்பா'தான், ஆனால் அவர் என்னிடம் ஒருநாளும் பேசாத தெலுங்கில் வந்தது. வேலை முடிந்து மகன் பஸ்ஸை விட்டிறங்கி வரும்போது அந்த வீட்டிலிருந்து கேட்கிற அதே குரல்.

"ரா, நாயனா. ரா."

செருப்பைக் கழற்றினேன். நிலைக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு குனிந்து உள்ளே போனேன்.